இடக்கை

லெய்ட்ஸாவில் மழை விட்டு விட்டுப் பெய்வதில்லை,
விடாமல்தான் பெய்யும்.
பள்ளிப் பேருந்து வராத ஒரு நவம்பர் மாலை
பந்துச்சுவரின் கூரைக்குக் கீழே ஒதுங்கினேன்.
உள்ளே பையன்கள் வெறுங்கையால்
பந்தைச் சுவரில் அறைந்துகொண்டிருந்தார்கள்.
ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது.
எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிது,
மேலே தோல், உள்ளே கம்பளி நூல்,
அதற்கும் உள்ளே என்ன கோபமோ.
"அடிச்சு அனுப்பு" என்றார்கள்.

உள்ளங்கையில் ஒரு குளவிக்கூடு கலைந்தது.
பந்து சுவர்வரை போகவில்லை.
யாரும் சிரிக்கவுமில்லை.
அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எனக்குப் பதினைந்து. இந்த ஆட்டத்துக்கு அது கிழவயது.
தம்பி பெஞாட் ஆறு வயதிலேயே தொடங்கியவன்.
"மட்டை வெச்சு ஆடேன், ஐனிஸே" என்றான்,
அக்கறையாகத்தான்.

வலக்கை மூன்று மாதத்தில் வழிக்கு வந்தது.
வீங்கியது, நீலம் பாரித்தது, வற்றியது,
பிறகொரு நாள்
பந்தைப் பந்தாக மட்டும் உணர்ந்தது.
இடக்கைதான் இடக்கு.

இந்த ஆட்டத்தில் ஒரு சுவர் முன்னால்,
ஒரு சுவர் இடப்பக்கம்.
இடச்சுவரை உரசிக்கொண்டு வரும் பந்துக்கு
வலக்கை வெளியூர்க்காரன்.
கொய்ஸுவேத்தா ஊர் லெயிரேவுக்கு
என்னைப் பார்த்த ஐந்தாம் நிமிடமே இது தெரிந்துவிட்டது.
பதினெட்டுப் பந்தை அங்கேயே போட்டாள்.
இருபத்திரண்டுக்கு மூன்று.
அந்த மூன்றிலும் ஒன்று
அவள் தும்மியதால் கிடைத்தது.

இடக்கையால் பல் துலக்கினேன், ஈறு கிழிந்தது.
இடக்கையால் சூப் குடித்தேன், மேசைவிரிப்பு குடித்தது.
நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரை எழுதினால்
நண்டு நடந்துபோன தடம்.
விடியற்காலை, பள்ளிக்கு முன்,
இருநூறு பந்து, எல்லாம் இடக்கைக்கே.

சுவரின் கீழ்விளிம்பில் ஒரு தகரப் பட்டை உண்டு.
தாழ்ந்த பந்து அதில் பட்டால், டங்.
ஊரையே எழுப்பும் அவமானம்.
எதிரே ரொட்டிக்கடையில் மாவு பிசையும் ஹோகின்
கதவைத் திறந்து கணக்குச் சொல்வான்:
"எழுபத்தொண்ணு."
"இன்னைக்கு அறுபத்தெட்டு."
"எண்பத்திமூணு, என்ன ஆச்சு உனக்கு?"
எனக்கும் தெரியவில்லை.
முன்னேறுவது மாடிப்படி என்றுதான் நினைத்திருந்தேன்.
கடல் அது.
உள்வாங்கும் நாட்களை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அம்மா காகித ஆலையில் இரவு வேலை.
எட்டு மணி நேரம் நின்ற கால்களும்
இருநூறு அடித்த கைகளும்
ஒரே அகலப் பாத்திரத்தில், உப்பு வெந்நீரில்.
"எதுக்குடி இது?" என்று அவள் கேட்டதில்லை.
"தண்ணி ஆறிடுச்சா?" என்றுதான் கேட்பாள்.

பிப்ரவரியில் ஒரு வாரம் போகவில்லை.
காரணம் எதுவும் இல்லை, வெறுத்துவிட்டது.
எட்டாம் நாள் ரொட்டி வாங்கப் போனேன்.
சில்லறையை இடக்கையில் வாங்கினேன்,
கவனிக்காமலே.
ஹோகின் கவனித்தான்.
ஒன்றும் சொல்லாமல் கல்லாவை மூடினான்.
மறுநாள் டங் சத்தம் எத்தனை என்று கேட்டேன்.
"மாவு பொங்கிடுச்சு, எண்ணல" என்றான்.

ஏப்ரலில் மறுபடி லெயிரே.
ஏழுக்கு இரண்டு இருக்கையில்
அதே பந்து, அதே சுவர், அதே உரசல்.
யோசிக்க நேரமில்லை.
தோள் திரும்பியதும், கை போனதும்
யாரோ பக்கத்தில் நின்று செய்ததுபோல் இருந்தது.
பந்து முன்சுவரின் மூலையில் பட்டுச் செத்து விழுந்தது.
லெயிரே அதைப் பார்த்தாள்.
பிறகு என் கையைப் பார்த்தாள்.

தோற்றேன், இருபத்திரண்டுக்குப் பதினொன்று.
ஆனால் அந்தப் பந்துக்குப் பின்
அவள் வலப்பக்கம் போடத் தொடங்கியிருந்தாள்.
அதற்குக் கோப்பை கிடையாது,
பலகையில் எழுதவும் மாட்டார்கள்.

திரும்பும் பேருந்தில் பெஞாட் தூங்கிவிட்டான்.
மழை.
கொதிக்கும் இடக்கையைச் சில்லிட்ட ஜன்னலில் வைத்தேன்.
எடுத்தபோது ஐந்து விரலும் ஆவியில் பதிந்திருந்தன.
சாலையோரம் நின்று
வெளியிலிருந்து பார்ப்பவருக்கு
அது வலக்கை.